கேம்பர் ட்ரெய்லரோடு போகும்போது வண்டி வழியில் நின்றுவிட்டால்

வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும், உள்ளே தங்கிக்கொள்ளும் வசதியுள்ள கேம்பர் ட்ரெய்லரில் கோளாறு வந்தால் ஓட்டுகிறவருக்குத்தான் கடைசியில் தெரியும். இன்ஜின் சூடானால் முள் காட்டும், முன் டயர் இறங்கினால் ஸ்டியரிங் இழுக்கும். பின்னால் ட்ரெய்லர் சக்கரத்தைச் சுழல விடும் பேரிங் கிரீஸ் இல்லாமல் காய்ந்து எரிந்தாலும் உங்கள் கைக்கு ஒன்றும் வராது. காட்பாடியிலிருந்து பொலேரோவில் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு சுற்றுகிறவன் நான். டீக்கு நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் முதலில் ட்ரெய்லரின் இரண்டு ஹப் (சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கும் பகுதி) பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். வெதுவெதுப்பு சகஜம். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால், அல்லது கிரீஸ் கசிந்து சக்கரத்தின் உள்பக்கம் கறுத்திருந்தால், அதற்கு மேல் ஓட்டாதீர்கள். பேரிங் உடைந்தால் சக்கரமே கழன்று போகலாம்.

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் நிற்க வேண்டி வந்தால், முடிந்தவரை சர்வீஸ் ரோட்டுக்கோ பெட்ரோல் பங்குக்கோ மெதுவாக இறங்கிவிடுங்கள். பஞ்சர் ஆன டயர் கிழிந்துபோகும் என்று பார்க்க வேண்டாம், டயர் வாங்கிக்கொள்ளலாம். வலது பக்கச் சக்கரத்தை லாரிகள் உரசிப் போகும் ஓரத்தில் உட்கார்ந்து கழற்றுவதைவிட அது எவ்வளவோ மேல். வேறு வழியில்லை, அங்கேயே நின்றாக வேண்டும் என்றால் ஹசார்டு லைட்டைப் போட்டுவிட்டு, பிள்ளைகளையும் பெரியவர்களையும் இடது கதவு வழியாக இறக்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள். ட்ரெய்லருக்குள் யாரையும் உட்கார வைக்காதீர்கள், வெயில் எவ்வளவு அடித்தாலும் சரி. முக்கோணத்தை ட்ரெய்லருக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். பொலேரோவுக்குப் பின்னால் வைத்தால் ட்ரெய்லரே அதை மறைத்துவிடும்.

ட்ரெய்லர் சக்கரத்தை மாற்றும்போது அதை வண்டியிலிருந்து கழற்ற வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்திவிட்டு, அப்புறம் ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி வையுங்கள். ட்ரெய்லரின் தகரத் தரைக்கு அடியில் வைத்தால் அது நசுங்கும், ஜாக்கியும் சரியும். பொலேரோ மட்டும் கெட்டு, அதைத் தனியே எடுத்துப்போக வேண்டும் என்றால்தான் கழற்றுவது. அப்போதும் இரண்டு சக்கரத்துக்கும் கட்டை, அடுத்து ட்ரெய்லரின் முன்முனையைத் தாங்கும் சின்னச் சக்கரத்தை இறக்குவது, ஒயர் பிளக், கொக்கி, எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் பாதுகாப்புச் சங்கிலி. சரிவில் இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள்.

சரி, யாரிடம் காட்டுவது? கார் சர்வீஸ் சென்டரைவிட டிராக்டர் பட்டறைதான் என் தேர்வு. ஒரு தடவை ஒடுகத்தூர் பக்கம் எங்கள் ஹப் சுட்டது. பக்கத்துப் பட்டறையில் சொன்னதும் அங்கிருந்த அண்ணன் சக்கரத்தை இரண்டு கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தே பேரிங் போயிருக்கிறது என்றார். குடியாத்தம், அணைக்கட்டு, ஒடுகத்தூர் என்று நெல்லும் கரும்பும் ஏற்றுகிற ஊர்களில் டிராக்டர் டிப்பர் ஆக்ஸில் பார்க்காத மெக்கானிக் கிடையாது. நம்முடையதும் அதே வேலைதான், அளவு மட்டும் சிறியது. ஆனால் உங்கள் அளவு பேரிங் அங்கே கடையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் உள், வெளி பேரிங், சீல், ஸ்பிலிட் பின் ஒரு செட்டும், சின்ன டப்பா கிரீஸும் கூடவே இருக்கட்டும். பேரிங்கில் பொறித்திருக்கும் எண்ணை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏலகிரி ஏறும்போது கதை வேறு. 14 கொண்டை ஊசி வளைவு, பின்னால் பாரம், மே மாத வெயில். முள் ஏறத் தொடங்கியதுமே ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, அகலமான இடத்தில் ஓரங்கட்டுங்கள். ஆவி வந்தால் இன்ஜினை உடனே நிறுத்திவிடுங்கள். நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றியும் ஆற்றாதீர்கள். இறங்கும்போது கியரை இரண்டிலோ ஒன்றிலோ வைத்து வாருங்கள். பிரேக் கருகிய வாசனை வந்தால் நின்று ஆற விடுங்கள்.

உதவிக்குக் கூப்பிடும்போது தேசிய நெடுஞ்சாலையில் 1033. ஏலகிரி, ஜவ்வாது மலைச் சாலைகளுக்கு அந்த எண் உதவாது, ஆபத்தென்றால் 112. ‘வேலூர் தாண்டி’ என்று சொன்னால் போதாது. ஓரத்துக் கிலோமீட்டர் கல்லைப் படித்து, எந்தத் திசையில் நிற்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். ட்ரெய்லர் இருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வரும் மீட்பு வண்டி காரை மட்டும் ஏற்றிக்கொள்ளும், ட்ரெய்லருக்கு இன்னொரு வண்டி தேடி அலைய வேண்டியிருக்கும்.