ஆய்வுகூடத்தில் உருவாகும் குருதிக் குருத்துக்கலங்கள்: விளங்கிக்கொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிப்பதால், "தோலில் எடுத்த கலத்திலிருந்தே குருதியை உண்டாக்கும் குருத்துக்கலத்தைச் செய்துவிட்டார்களாமே?" என்று மாணவர்களும், தலசீமியா என்ற பரம்பரைக் குருதிச்சோகை நோய் உள்ள பிள்ளைகளுக்குக் குருதி ஏற்றுவித்து வரும் பெற்றோரும் என்னிடம் கேட்பதுண்டு. குருதிக் குருத்துக்கலம் என்பது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு எல்லா வகைக் குருதிக்கலங்களையும் தோற்றுவிக்கும் கலம். ஜப்பானிய ஆய்வாளர் ஷின்யா யமனாக்காவின் குழு 2006 இல் எலியின் கலங்களையும் 2007 இல் மனிதக் கலங்களையும், உடலின் எவ்வகைக் கலமாகவும் மாறவல்ல பல்திறன் நிலைக்குத் திருப்பிக் காட்டியது முதல் அந்த எதிர்பார்ப்பு வளர்ந்து வருகிறது. எதிர்பார்ப்பில் பிழையில்லை, செய்திகளை வாசிக்கும் முறையில்தான் பிழை நேர்கிறது.

முதலாவதும் மிகப் பெரியதுமான தவறு, கலத்தின் தோற்றத்தைக் கொண்டு அதன் இயல்பைத் தீர்மானிப்பது. சி.டி. 34 என்ற மேற்பரப்புப் புரதம் காணப்பட்டவுடன் குருத்துக்கலம் கிடைத்துவிட்டது என்று பலர் எழுதிவிடுகின்றனர். ஆனால் அப்புரதம் குருதிக் குழாய்களின் உட்சுவரை மூடும் அகவணிக் கலங்களிலும், தன்னைப் புதுப்பிக்கும் ஆற்றலை ஏற்கெனவே இழந்துவிட்ட முன்னோடிக் கலங்களிலும் உண்டு. வளர்ப்பு ஊடகத்தில் குருதிக்கலக் குடியிருப்புகள் (கலக் கூட்டங்கள்) தோன்றுவதும் முன்னோடிக் கலங்கள் இருப்பதற்கு மட்டுமே சான்று. உண்மையான குருத்துக்கலம், நிர்ப்பீடனம் குன்றிய எலியின் என்பு மச்சையில் குடியேறி, பல மாதங்களுக்குச் செங்குழியம், வெண்குழியம், சிறுதட்டு ஆகிய அனைத்தையும் தோற்றுவிக்க வேண்டும்; அந்த எலியின் மச்சையிலிருந்து எடுத்து இன்னொரு எலிக்கு மாற்றியபோதும் அதே பணியைத் தொடர வேண்டும். ஓர் ஆய்வுச் செய்தியை வாசிக்கும் மாணவர் முதலில் தேட வேண்டியது இந்தச் சோதனையைத்தான் என்பது எனது உறுதியான கருத்து.

அடுத்தது, முளையத்தின் கால ஒழுங்கைப் பொருட்படுத்தாமை. மனித முளையத்தில் ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் கருவுணவுப் பையில் தோன்றும் முதல் அலைக் குருதிக் கலங்கள் தற்காலிகமானவை. வாழ்நாள் முழுவதற்குமான குருத்துக்கலங்கள் நான்காம் வாரத்தின் பின்னரே முதுகுப்புறப் பெருநாடியின் சுவரிலுள்ள விசேட அகவணிக் கலங்களிலிருந்து பிறக்கின்றன. பல்திறன் கலங்களைப் பொதுவான முறையில் வளர்த்தால் அவை பெரும்பாலும் முதல் அலையின் வழியிலேயே செல்கின்றன. அவற்றை இரண்டாம் வழிக்குத் திருப்ப, குருதிக்கு மூலமான இடைப்படை என்ற நடுக் கலப்படை உருவாகும் குறுகிய காலத்துக்குள், கலங்களின் வளர்ச்சியை வழிநடத்தும் வின்ட் என்ற சமிக்ஞையைத் தூண்டி அக்டிவின் என்ற சமிக்ஞையைத் தடுக்க வேண்டியிருக்கிறது. சரியான பதார்த்தத்தைப் பிந்திச் சேர்த்தாலும் அது பயன் தராது.

பரம்பரையலகுகளைப் புகுத்திப் பெற்ற வெற்றியைச் சிகிச்சைக்கு ஆயத்தமான வெற்றியாகக் கருதுவதும் தவறே. 2017 இல் அமெரிக்க ஆய்வாளர் ஜோர்ஜ் டேலியின் ஆய்வுக்குழு, பரம்பரையலகுகளை இயக்கும் புரதங்களான 7 பிரதியெடுத்தல் காரணிகளுக்குரிய பரம்பரையலகுகளைப் புகுத்தி, மனிதப் பல்திறன் கலங்களிலிருந்து எலியில் குடியேறக்கூடிய கலங்களை உருவாக்கியது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் அக்காரணிகளுள் சில குருதிப் புற்றுநோயோடும் தொடர்புடையவை. 2024 இல் மெல்பேர்ணிலுள்ள மர்டொக் சிறுவர் ஆராய்ச்சி நிறுவகத்தின் குழு, அவ்வாறு எதையும் புகுத்தாமல், விற்றமின் ஏ இன் ஒரு வடிவத்தையும் வளர்ச்சிக் காரணிகளையும் உரிய வேளைகளில் வழங்கி, நீண்டகாலம் நிலைக்கும் கலங்களைப் பெற்றது. அக்கலங்கள் ஏற்றப்பட்ட எலிகளில் 25 முதல் 50 சதவீதமானவற்றிலேயே பல்வகைக் குருதிக்கலங்கள் நிலைபெற்றன என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

பெற்றோர் நெஞ்சில் ஆழமாகப் பதிந்துவிடும் தவறு ஒன்றும் உண்டு: பிள்ளையின் சொந்தக் கலத்திலிருந்து செய்தால் நோய் தீர்ந்துவிடும் என்பது. சொந்தக் கலம் நிராகரிக்கப்படும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் தலசீமியாவுக்குக் காரணமான விகாரமும் அதே கலத்தில் இருக்கிறது. எனவே பரம்பரையலகைத் திருத்திய பின்னரே அதிலிருந்து குருத்துக்கலத்தை உருவாக்க வேண்டும். நீண்டகால வளர்ப்பில் நிறமூர்த்த மாற்றங்கள் ஏற்படவில்லை என்பதும், மாறாமல் எஞ்சிய பல்திறன் கலங்கள் கட்டியாக வளரமாட்டா என்பதும் நிரூபிக்கப்பட வேண்டும். இவற்றுக்காகக் காத்திருக்கும் எண்ணத்தில் குருதியேற்றலையோ அதனால் உடலில் சேரும் இரும்பை அகற்றும் மருந்தையோ ஒரு வாரமேனும் தள்ளிப்போடலாகாது, உடன்பிறந்தாரின் எச்.எல்.ஏ. (உடல் பிறர் கலத்தை ஏற்குமா என்பதைத் தீர்மானிக்கும் மேற்பரப்புப் புரதங்கள்) பொருத்தத்தைப் பரிசோதிப்பது பற்றி வைத்தியரிடம் இப்போதே கேட்கலாம், ஏனெனில் பொருந்திய உடன்பிறந்தாரின் மச்சையை மாற்றும் சிகிச்சை இன்றே நடைமுறையில் உள்ளது.