சிகரெட்டை விட நினைக்கிறீர்களா? முதலில் ஒரு சீட்டு எழுதுங்கள்

சிகரெட்டை நாளைக்கே விட வேண்டாம். ஒரு வாரம் வழக்கம்போலவே பிடியுங்கள், ஆனால் எழுதிவிட்டுப் பிடியுங்கள்.

படி 1: பாக்கெட்டுக்குள் ஒரு துண்டுச்சீட்டைச் செருகி வையுங்கள். பற்றவைப்பதற்கு முன் நான்கு விஷயம் குறிக்க வேண்டும்: மணி என்ன, எங்கே நிற்கிறீர்கள், கூட யார், மனசு எப்படி இருக்கிறது. சில்லறையாக வாங்குபவர்கள் போனில் குறித்துக்கொள்ளலாம்.

என் சீட்டில் ஒரு நாளைக்கு 9 இருந்தது. அதில் 4 டீயோடு. ஒன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின். இரண்டு, மேலாளர் போனை வைத்த கையோடு. உடம்பு நிஜமாகவே கேட்டது காலையில் முதல் சிகரெட்டை மட்டும்தான். இரத்தத்தில் இருக்கும் நிகோட்டின் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். இரவு முழுக்கத் தூங்கி எழுந்தால் கேட்கத்தானே செய்யும்!

படி 2: அதிகம் வருவது எதுவோ, அதிலிருந்து தொடங்குங்கள். எனக்கு டீக்கடை. கண்ணாடி டம்ளரைக் கையில் வாங்கியதும் மறுகை தானாகப் பெட்டிக்கடைப் பக்கம் நீளும். அங்கே கங்கோடு தொங்கும் கயிறு வேறு. அதனால் ஒரு மாதம் டீயைப் பார்சல் வாங்கி, இருக்கையில் உட்கார்ந்து குடித்தேன். கூட வருபவர்களிடம், "நான் கேட்டாலும் கொடுக்காதீங்கப்பா" என்று சொல்லிவைத்தேன். இரண்டு பேர் சிரித்தார்கள், பரவாயில்லை.

இன்னொன்று: புகை நின்றதும் உடம்பு கஃபீனை மெதுவாகத்தான் கழிக்கும். அதே அளவு டீ, காபி குடித்தால் படபடப்பு வரும், அதைச் சிகரெட் ஏக்கம் என்று நினைத்துவிடுவோம். பாதியாகக் குறையுங்கள்.

படி 3: கோபத்தில் வரும் ஏக்கத்துக்கு மணி பாருங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். ஒரு பாட்டில் தண்ணீரோடு மாடிப்படி ஏறி இறங்கினால் போதும்.

படி 4: தேதி குறியுங்கள். முந்தைய இரவே லைட்டரைத் தூக்கிப் போடுங்கள். வண்டி டிக்கியிலும் பாருங்கள், ஒன்று கிடக்கும். முதல் மூன்று நாள்தான் ரொம்பக் கஷ்டம். மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் நிகோட்டின் கம் கிடைக்கும். பபிள்கம் போல மெல்லக் கூடாது: சுருக்கென்று உறைக்கும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, உறைப்பு போனதும் திரும்ப மெல்ல வேண்டும். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, ஜூஸ், சோடா வேண்டாம். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. தனியாகச் சமாளிக்க முடியாவிட்டால் 1800-11-2356, கட்டணமில்லா எண். நீங்கள் வாங்கும் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

படி 5: நடுவில் ஒன்று பிடித்துவிட்டால் அதையும் சீட்டில் ஏற்றுங்கள். நான் வழுக்கியது பதினெட்டாம் நாள், ஒரு கல்யாண மண்டபத்து மொட்டைமாடியில். என் பட்டியலில் அந்த இடமே இல்லை. அன்று ராத்திரி சேர்த்துக்கொண்டேன்.