ஜீப்பின் கூரையில் மேலெழும்பும் கூண்டைப் பொருத்திய விதம்

இரவில் உள்ளே தங்குவதற்கென, பிக்கப் வண்டிக்காகச் செய்யப்பட்ட, துணிச்சுவருடன் மேலெழும்பும் கூரையுள்ள ஃபைபர் கூண்டை என் ஜீப்பின் மேல் அமர்த்த விரும்பியபோது, கூண்டின் அடி தட்டையாகவும் ஜீப்பின் கூரை வளைவாகவும் இருந்தது முதல் தடையாயிற்று. கூரையைத் துளையிடுவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தேன். பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. ஆகவே கூண்டு கழற்றத்தக்கதாகவே இருக்க வேண்டும் எனக் கருதினேன்.

பேட்டையில் ஒரு பட்டறையில் அலுமினியச் சதுரக் குழாய்களால் சட்டம் செய்து, அதன் கால்கள் கூரையோரத்து மழைநீர் விளிம்பைக் கவ்வும்படி அமைத்தோம். இதனால் எடை மெல்லிய நடுத்தகட்டில் அழுந்தாமல் பக்கத் தூண்களின் வழியே இறங்குகிறது. அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டிருந்தால் உவரிக் கடற்கரையின் உப்பு ஈரத்தில் மின்வேதி அரிப்பு விரைவாகப் பரவும் என்பதால், ஒவ்வொரு கவ்வியின் அடியிலும் கனத்த ரப்பர் வைத்தோம். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

ஓடும் வண்டியின் கூரை தாங்கும் எடை, நிற்கும்போது தாங்குவதைவிடக் குறைவு. எனவே மெத்தையையும் தண்ணீர்க் கேன்களையும் கூண்டிலிருந்து ஜீப்புக்குள் மாற்றினேன்.

மிகுந்த கவனத்தைக் கோரியது காற்றுதான். ஆடியில் பணகுடிப் பக்கம், ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து வீசும் தென்மேற்குக் காற்று, கூண்டுக்கும் ஜீப்பின் கூரைக்கும் நடுவே முன்புறமுள்ள இடைவெளியில் புகுந்து கூண்டைத் தூக்க முயன்றது. சாய்தகடு ஒன்றால் அந்த இடைவெளியை மூடிய பிறகு அதிர்வு நின்றது. இரவில் கூரையை உயர்த்தும்போது, துணிச்சுவரின் அகன்ற பக்கம் காற்றுக்கு எதிராக அமையாதபடி வண்டியைத் திருப்பி நிறுத்துகிறேன்.