தோழிகள் மோதும் கல்யாண காமெடி: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

கல்யாண வீட்டில் தோழிகள் முட்டிக்கொள்ளும் கதை என்றதும் பலர் தேடுவது சண்டைக்கான காரணத்தை: மண்டபம், தேதி, உடை. சறுக்கல் அங்கேயே ஆரம்பம். 2009இல் வந்த ‘பிரைட் வார்ஸ்’ படத்தில் இரண்டு தோழிகளின் கல்யாணமும் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் ஒரே நாளில் பதிவாகிவிடும். அப்புறம் ஒருத்திக்குத் தலைமுடி நீலமாகும், இன்னொருத்திக்கு உடம்பு ஆரஞ்சாகும். தேதியை மாற்றினால் தீர்ந்துவிடும் சண்டைக்கு எவ்வளவு நேரம்தான் சிரிப்பது?

2011இல் வந்த ‘பிரைட்ஸ்மெய்ட்ஸ்’ படத்தை எழுதிய கிறிஸ்டன் விக், ஆனி முமோலோ இருவருக்கும் இது தெரிந்திருந்தது. மில்வாக்கியில் கதாநாயகி ஆனி நடத்திய கேக் கடை மூடிப்போச்சு, காதலனும் போயாச்சு. மிச்சம் இருப்பது சின்ன வயதுத் தோழி லில்லியன் மட்டும். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகும் நேரத்தில் குறுக்கே வந்து நிற்கிறாள் பணக்கார ஹெலன். விருந்தில் ஆனி மைக்கைப் பிடித்து வாழ்த்துகிறாள். ஹெலன் அதை வாங்கி இன்னும் உருக்கமாகப் பேசுகிறாள். ஆனி திரும்பப் பிடுங்கி, பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறை ஸ்பானிஷில் உளறுகிறாள். கடைசியில் இருவரும் பாட்டே பாடிவிடுகிறார்கள். தோழி கைநழுவிப் போகிறாளே என்ற பயம்தான் அந்த மைக்கை இழுக்கிறது. மாப்பிள்ளைக்குப் படத்தில் வசனமே அநேகமாகக் கிடையாது. யாரும் அவரைத் தேடவும் இல்லை.

இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் காப்பியடிப்பது மணப்பெண் உடைக் கடைக் காட்சியை. வாந்தி, பேதி, ஓட்டம். என் பழைய ஸ்கிரிப்ட் ஒன்றிலும் இருந்தது, கிழித்துப் போட்டேன். அங்கே நிஜமாகச் சிரிப்பு வருவது வேறொரு இடத்தில். வயிற்றைக் கெடுத்த ஹோட்டலைத் தேர்ந்தெடுத்தவள் ஆனி. எனக்கு ஒன்றுமில்லை என்று அவள் சாதிக்க, ஹெலன் சர்க்கரை பூசிய பாதாம் ஒன்றை நீட்டுகிறாள். வியர்வை வழிய வழிய ஆனி அதை வாயில் போட்டு மெல்கிறாள். மற்றவர்கள் ஓடுவதைவிட இவள் மெல்வதுதான் பெரிய காமெடி.

எதிராளியை வில்லியாக்குவது இன்னொரு தவறு. 1997இல் வந்த ‘மை பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ் வெட்டிங்’ படத்தில் நண்பனைத் தன் பக்கம் இழுக்க நினைக்கும் ஜூலியா ராபர்ட்ஸ், அவன் கட்டிக்கொள்ளப்போகும் மணப்பெண்ணை மட்டம் தட்டத் திட்டமிட்டு, கரோக்கியில் பாடவைப்பார். அவள் கர்ண கொடூரமாகத்தான் பாடுவாள். ஆனாலும் கூட்டம் கைதட்டும், மாப்பிள்ளை இன்னும் சொக்கிப்போவான். எதிராளி வெகுளியாக இருக்க இருக்க நாயகிக்குத் திண்டாட்டம் கூடும்.

பெண்கள் காமெடிக்குக் கூட்டம் வராது என்று பயந்து காதல் கதையைத் திணிக்கவும் வேண்டாம். ‘பிரைட்ஸ்மெய்ட்ஸ்’ உலகம் முழுக்க 28 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

முடிவில் எதிராளியை விரட்டிவிடுகிறவர்களும் உண்டு. ஹெலனோ ஆனியின் காரில் உட்கார்ந்து, தனக்குத் தோழிகளே இல்லை என்று அழுகிறாள். அவள் முகம் கோணுவதைப் பார்த்து ஆனிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட. பிறகு ஹெலன் ஏற்பாடு செய்த அதே ஆடம்பரக் கல்யாணம் நடக்கிறது. ஆனி தோழிக்குப் பக்கத்தில் நிற்கிறாள், ஹெலனும் அங்கேதான் நிற்கிறாள்.