வீட்டுவாசல் வெளிச்சத்தில் முகப்படம் எடுப்பது எப்படி?

அம்மாவையோ தாத்தாவையோ நல்லபடியாக ஒரு போட்டோ எடுத்து வைக்க ஃப்ளாஷ் வேண்டாம், ஸ்டுடியோ வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும். கேமரா இருந்தால் 50 மிமீ லென்ஸ் ஒன்று போதும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் கேமராவை இப்போதைக்குக் கீழே வையுங்கள்.

1. நேரம்

நம் ஊர் வெயில் தலைக்கு மேலே நிற்கும் வெயில். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிவேளைச் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. அப்போது திறந்த வெளியில் ஒருவரை நிறுத்தினால் நெற்றியும் மூக்கும் வெளுத்து, கண் இரண்டும் குழிக்குள் மறைந்துவிடும். காலை ஒன்பது மணிக்குள் எடுங்கள், அல்லது மாலை நான்கரைக்கு மேல். பகலில்தான் முடியும் என்றால் நிழலுக்குப் போய்விடுங்கள்.

2. இடம்

திண்ணை உள்ள வீடு என்றால் வேறு இடம் தேடவே வேண்டாம். மேலே கூரை இருப்பதால் உச்சி வெளிச்சம் தடுக்கப்படுகிறது. தெருப் பக்கமிருந்து மட்டும் மெத்தென்று வெளிச்சம் வருகிறது. தெருவில் வெயில் அடித்தால் இன்னும் நல்லது. தரையில் பட்டு மேலே எழும் வெளிச்சம் கண்குழியையும் தாடைக்கு அடியையும் நிரப்பிவிடும். காலையில் மேற்குப் பார்த்த திண்ணை, மாலையில் கிழக்குப் பார்த்த திண்ணை நிழலாக இருக்கும்.

சுவரில் சாய்ந்திருப்பவரை விளிம்புப் பக்கம் நகர்ந்து உட்காரச் சொல்லுங்கள். சுவர் பின்னால் தள்ளிப்போய் இருட்டாகும், முகம் தனியாக எடுத்துக் காட்டும். திண்ணை இல்லாத வீட்டில் போர்ட்டிகோ, அடுக்குமாடியின் பார்க்கிங் ஓரம், பள்ளி வராந்தா என எதுவும் ஆகும். வெயிலும் நிழலும் சந்திக்கும் கோட்டுக்கு இரண்டடி உள்ளே நிறுத்துங்கள்.

மரநிழலில் மட்டும் கவனம். வேப்பமரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழும் வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாகப் படும். அதைப் பிறகு சரிசெய்வது கடினம். பச்சைப் பசேல் என்ற செடிகளுக்கு நடுவே நின்றால் கன்னத்தில் பச்சை ஏறும்.

3. உள்ளங்கைச் சோதனை

உங்கள் கையை முக உயரத்துக்குத் தூக்கி, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு திசையில் கை தட்டையாகத் தெரியும், இன்னொரு திசையில் ரேகை ரேகையாக எடுக்கும். முதியவர்களின் சுருக்கம் தெரிய வேண்டும் என்றால் பக்கவாட்டு வெளிச்சம்; குழந்தைகளுக்கு நேர் வெளிச்சம். பிறகு அவர் கண்ணைப் பாருங்கள். கருவிழியில் சின்னதாக ஒரு வெளிச்சப் புள்ளி விழ வேண்டும். இல்லையென்றால் முகத்தைச் சற்றுத் தெருப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.

4. கேமரா

லென்ஸ் திறப்பின் அளவான எஃப் எண் 2.8, வெளிச்சத்துக்கான உணர்திறனான ஐஎஸ்ஓ 200 அல்லது 400, ஷட்டர் நொடியில் 250-இல் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகமாக. இரண்டு பேர் என்றால் எஃப் 4. ஃபோகஸ் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில். போனில் எடுப்பவர்கள் கிட்டே போகாதீர்கள், மூக்கு பெரிதாகிவிடும். ஆறடி தள்ளி நின்று 2எக்ஸ் ஜூம் வைத்துக்கொள்ளுங்கள்.

5. தோலின் நிறம்

இதில்தான் நிறையப் படங்கள் கெடுகின்றன. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்று வைத்துத்தான் கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. வெள்ளை வேட்டி சட்டையில் தாத்தா நின்றால் வேட்டியைப் பார்த்து முகத்தை இருட்டாக்கிவிடும். பின்னால் இருட்டுச் சுவர் என்றால் தேவைக்கு மேல் வெளுக்க வைத்துவிடும். போனில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் அங்கேயே நின்றுவிடும். ஆனால் கறுத்த முகத்தையும் சாம்பலாக நினைத்து வெளுக்க வைக்கும் என்பதால், பக்கத்தில் தெரியும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கேமராவிலும் முகத்தை வைத்து அளந்து, எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை) மூன்றில் ஒரு ஸ்டாப் குறைத்துப் பாருங்கள்; ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்.

கறுத்த தோலின் அழகு அதன் மினுமினுப்பில் இருக்கிறது. நெற்றியிலும் கன்ன எலும்பிலும் ஒளி வழுக்கிக்கொண்டு போவது தெரிய வேண்டும். வெளுக்க வைத்தால் முதலில் போவது அதுதான். வியர்வையைத் துண்டால் ஒற்றி எடுங்கள், பவுடர் வேண்டாம். போனில் பியூட்டி என்று இருப்பதை முழுவதும் அணைத்துவிடுங்கள். பிலிம் காலத்தில் கோடக் நிறுவனம் லேப்களுக்குக் கொடுத்த நிறச் சோதனை அட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்தத் தோலுக்கு ஏற்பத்தான் எல்லோருடைய படங்களும் கழுவப்பட்டன. இன்று அளவு நம் கையில் இருக்கிறது. அம்மாவின் நிறம் அம்மாவின் நிறமாகவே வரட்டும்.

6. தெர்மோகோல்

சினிமா ஷூட்டிங்கில் முகத்துக்கு எதிரே வெள்ளைப் பலகை பிடித்திருப்பார்களே, அதுதான். ஸ்டேஷனரி கடையில் ஒரு ஷீட் வாங்கி, முகத்தின் இருண்ட பக்கம் இரண்டடி தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மடித்த வெள்ளை வேட்டியை மடியில் விரித்தாலும் போதும்.

மாலை வெயிலில் எடுக்கும்போது சூரியன் அவர் முதுகுப் பக்கம் இருக்கட்டும், தெர்மோகோல் முகத்துக்கு எதிரே. முடியின் ஓரத்தில் பொன்கோடு விழும். நம் ஊரில் சூரியன் செங்குத்தாகச் சரிவதால் அந்த வெளிச்சம் அரைமணி நேரம்தான் நிற்கும். இடத்தை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள்.

7. பேச்சு

“நேரா நில்லுங்க, சிரிங்க” என்றால் பெரியவர்கள் கையைத் தொங்கப்போட்டு விறைத்துவிடுவார்கள். பூ கட்டட்டும், கீரை ஆயட்டும், வெற்றிலை மடிக்கட்டும். நீங்கள் அவர் கண் உயரத்துக்குக் கீழே இறங்கி உட்கார்ந்து, ஃபோகஸைச் சரியாக வைத்துக்கொண்டு, “அம்மா, அத்தை எப்ப வராங்களாம்?” என்று கேளுங்கள். நிமிர்ந்து பார்ப்பார். அப்போது அழுத்துங்கள், பதில் சொல்லி முடிக்கும்வரை நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே இருங்கள்.