தென்பெண்ணைக் கரையில் தோட்டம் வாங்கும் முன்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் ஆற்றோரமாக ஒரு தோட்டம் விலைக்கு வருகிறது என்று புரோக்கர் கூப்பிட்டால், கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பதெல்லாம் அப்புறம். முதலில் சர்வே நம்பரையும் உட்பிரிவையும் கேட்டு வாங்குங்கள். அதை வைத்து வருவாய்த்துறையின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ தளத்தில் பட்டா, அ-பதிவேடு (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் எடுத்துவிடலாம்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 0 - 40.50 என்றால் சுமார் ஒரு ஏக்கர். விற்பவர் வேலியைக் காட்டி ‘மூணு ஏக்கர்ங்க’ என்பார், பட்டாவைக் கூட்டினால் இரண்டுதான் வரும். மிச்ச ஒரு ஏக்கர் ஆற்றுப் புறம்போக்கு. அப்பா காலத்துத் தென்னை, முப்பது வருஷமாக நாங்கள்தான் அனுபவிக்கிறோம் என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கிடைக்காது, மூன்று ஏக்கருக்குப் பணத்தை எண்ணிக் கொடுக்கப்போவது நீங்கள். அதனால் புலப்படத்தையும் ஒரு டேப்பையும் எடுத்துக்கொண்டு போய், படத்தில் உள்ள மீட்டர் கணக்குப்படி ஆற்றுப் பக்கத்து எல்லையையாவது அளந்து பாருங்கள். எல்லைக்கல் இல்லையென்றால் சர்வேயரை வைத்து அளந்து கல் நட்ட பிறகுதான் அட்வான்ஸ்.

வில்லங்கச் சான்றோடு நிற்காமல் மூலப்பத்திரத்தையும் கேளுங்கள். 1965க்கு முந்தைய பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்றும், 2004க்கு முந்தையதில் தருமபுரி மாவட்டம் என்றும் இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

வெள்ளத்தைப் பற்றி விற்பவரைக் கேட்டுப் பயனில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியதே, அப்போது தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கேளுங்கள், கை நீட்டிக் காட்டுவார்.

கடைசியாகத் தடம், அதாவது தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதை. நம் ஊர் ஆற்றில் படகா ஓடுகிறது, சரக்கு ஏற்றி அனுப்ப? பெங்களூரா மாங்காய் கூழ் ஃபேக்டரிக்குப் போனாலும், தக்காளி இராயக்கோட்டை மண்டிக்குப் போனாலும் தோட்டம் வரை வண்டி வந்தாக வேண்டும். ‘அண்ணன் காட்டு வழியா போய்க்கலாம்’ என்ற வாய்ப்பேச்சு அண்ணன் நிலத்தை விற்கும் வரைதான் செல்லும். எத்தனை அடி அகலம், எந்த சர்வே நம்பர் வழியாக என்று, அந்த அண்ணனையும் கையெழுத்துப் போட வைத்துப் பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள்.