பையனை நன்னடத்தையில் விட்டிருக்கிறார்களா? குடும்பங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

முதல் வழக்கு, சின்னத் திருட்டு. குற்றம் நிரூபணமாகிவிட்டது, ஆனால் வயதையும் குடும்பத்தையும் பார்த்து நீதிபதி ஜெயிலுக்கு அனுப்பாமல் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு நன்னடத்தையில் விட்டுவிடுகிறார். வீட்டில் எல்லாரும் கேஸ் முடிந்தது என்று மூச்சு விடுகிறார்கள். அங்கேதான் முதல் தவறு. கேஸ் முடியவில்லை, தண்டனையைத்தான் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

1958-ம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4-வது பிரிவில் விட்டால், அதிகபட்சம் 3 வருஷம் வரைக்கும் எப்போது கூப்பிட்டாலும் வந்து தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன் என்று அவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். எத்தனை மாதம் என்று அன்றைக்குச் சொல்லவே இல்லை. நிபந்தனையை மீறினால் 9-வது பிரிவின்படி பழைய குற்றத்துக்கே தண்டனை தரலாம், எவ்வளவு என்பதையும் அப்போதுதான் நீதிமன்றம் முடிவு செய்யும். ‘போனா மூணு மாசம்தானே’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, மீறினால் நேராக ஜெயில்தானா? இல்லை. நடுவில் இரண்டு படி இருக்கிறது, பெரும்பாலான குடும்பங்களுக்கு அது தெரியாமலே போய்விடுகிறது.

முதல் படி 8-வது பிரிவு. நன்னடத்தை அலுவலர் (விடப்பட்டவரை மேற்பார்வை செய்பவர்) மனு போட்டால் நீதிமன்றம் நிபந்தனையை மாற்றலாம், புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம், காலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம் (கூட்டினாலும் முதல் உத்தரவிலிருந்து 3 வருஷத்தைத் தாண்டக் கூடாது). இரண்டாவது படி 9-வது பிரிவிலேயே இருக்கிறது: மீறியது முதல் தடவை என்றால், பத்திரம் அப்படியே நீடிக்க, 50 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டும் போட்டு விட்டுவிடலாம். ஆமாம், 50 ரூபாய், 1958-ல் எழுதின தொகை. வெறும் அறிவுரைக்கும் சிறைக்கும் நடுவில் இதைவிடப் பலமான படிகள் வேண்டும் என்பதுதான் என் கருத்து, ஆனால் இருப்பதையாவது கைவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டாமா?

நான் பார்த்த ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். பைக் பேட்டரி திருடின கேஸ், நன்னடத்தையில் விட்டார்கள். வீட்டு முகவரியிலேயே இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை. இரண்டு மாதம் ஒழுங்காகப் போனான். அப்புறம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்தது, கிளம்பிவிட்டான், சிம்மையும் மாற்றிவிட்டான். சம்மன் ஊருக்கு வந்தபோது அம்மா ‘அவன் இங்க இல்லைங்க’ என்று சொல்லி அனுப்பிவிட்டார், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அடுத்தது வாரண்ட். பொங்கலுக்கு வந்தவனைத் தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரணை முடியும்வரை காவலில் வைக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஐந்து நாள் உள்ளே இருந்தான். கடைசியில் முதல் தடவை என்று 50 ரூபாய் அபராதத்தோடு விட்டார்கள், ஆனால் கம்பெனி வேலை போய்விட்டது. அவன் அங்கே ஒழுங்காக உழைத்துக்கொண்டுதான் இருந்தான் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கிளம்புவதற்கு முன்னால் அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் 8-வது பிரிவில் முகவரி நிபந்தனையை மாற்றக் கேட்டிருக்கலாம்.

அதனால் அலுவலரைப் போலீஸ் மாதிரி பார்த்து ஒளியாதீர்கள். மேற்பார்வையில் இருப்பவருக்குத் தேவைப்பட்டால் வேலை தேடித்தர முயல்வதும் அவருடைய கடமை என்று 14-வது பிரிவு சொல்கிறது. நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுகிறவரும் அவர்தான். குடியை விட வேண்டும் என்ற நிபந்தனை இருந்து ஒருநாள் தவறிவிட்டால், அடுத்தவர் சொல்லி அவருக்குத் தெரிவதைவிட நீங்களே போய்ச் சொல்வது எவ்வளவோ மேல். அவர் அறிக்கை எழுதாவிட்டாலும் வேறு வழியில் தகவல் வந்தால் நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கலாம், அதையும் மறக்க வேண்டாம்.

50 ரூபாய்தானே என்று அலட்சியமாக இருப்பதும் பெரிய தவறு. நீதிமன்றம் சொன்ன நாளுக்குள் கட்டாவிட்டால், அந்த ஒரே காரணத்துக்காகப் பழைய குற்றத்துக்குத் தண்டனை தரலாம். அன்றைக்கே கட்டி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த தடவை மீறினால் இந்த அபராதப் படியே கிடையாது. முதல் தடவையிலும் அது உரிமை இல்லை, நீதிபதி மனது வைத்தால்தான்.

ஜாமீன் கையெழுத்துப் போட்ட சித்தப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ இருந்தால் அவருக்கும் சம்மன் போகலாம். வாய்தா தேதியை அவருக்கும் சொல்லிவிடுங்கள்.

வேலைக்கு முயற்சி செய்யும் பையன்கள் 12-வது பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். நன்னடத்தையில் விடப்பட்டவருக்கு அந்தத் தீர்ப்பால் சட்டப்படி வரக்கூடிய தகுதியிழப்பு வராது. ஆனால் நிபந்தனையை மீறி, பிறகு பழைய குற்றத்துக்குத் தண்டனை வாங்கினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். சிறையில் கழிக்கும் நாட்களைவிட இந்த இழப்புதான் பல பேருக்கு ரொம்ப காலம் வலிக்கிறது.

இன்னொரு குழப்பம் ‘நூத்திப்பத்து’, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110-வது பிரிவு. ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) மாதிரியான நிர்வாக நடுவர் முன்னால் எழுதி வாங்கும் நன்னடத்தைப் பிணைப் பத்திரம் வேறு, இது வேறு. அதை மீறினால் இந்த 50 ரூபாய்ப் பேச்சே இல்லை, விளைவும் வேறு. உங்கள் வீட்டில் இருப்பது எந்தப் பத்திரம் என்று முதலில் பாருங்கள்.

சம்மன் வந்துவிட்டதா, அன்றைக்கே உத்தரவு நகலையும் சம்மனையும் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். வேலை செய்யும் இடத்தில் ஒரு கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, பஸ் டிக்கெட், ஏன் வரமுடியவில்லை என்று காட்டக்கூடியது எதுவாக இருந்தாலும் கையோடு கொண்டுபோங்கள்.